ஆசனத்தின் அடியில்

சென்ற ஞாயிறு கிணறு இறைத்துச் சேறு வாருவதைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். மறுநாட் காலை வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசை மாணவன் ஒருவன், "சேர், வாற கிழமை எதைத் துப்புரவாக்கப் போறியள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "துப்புரவாக்கப் போவதில்லை, ஒன்றைக் கவிழ்த்துப் பார்க்கப் போகிறேன்" என்று விடை கூறினேன்.

கவிழ்த்துப் பார்த்த பொருள் எங்கள் பழைய மோட்டார்க் காரின் முன்னாசனம். அதனடியில் நான் கண்டவற்றையும், கண்டபின் செய்தவற்றையும் வாசகர்களுக்குச் சொல்வதே இவ்வாரப் பணி. கார் இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. உங்கள் வீட்டுச் சோபாவுக்கும், ஆச்சி படுத்த நார்க்கட்டிலுக்கும் உரிய செய்தியே இது.

எங்கள் கார் மொறிஸ் மைனர் 1000. இவ்வகைக் கார் 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. அவற்றுள் ஒன்று ஒருவர் கைமாறி 1960-களின் தொடக்கத்தில் மயிலிட்டியில் வாழ்ந்த என் பாட்டனாரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதனை வாடகைக்கு ஓட்டினார். காங்கேசன்துறைப் புகையிரத நிலையத்தில் யாழ்தேவியை எதிர்பார்த்து நிற்பது அதன் அன்றாடத் தொழில். கொழும்பிலிருந்து விடுமுறையில் வரும் உத்தியோகத்தர், மணப்பெண், நோயாளர், பெட்டி, பாய், மூட்டை என்று எத்தனையோ சுமைகளை அது சுமந்தது.

1990 ஜூனில் போர் மூண்டபோது நாங்கள் ஊரைவிட்டு வெளியேறியதும் அதே காரிலேதான். அப்போது எனக்கு வயது பத்து. நால்வர் இருக்கவேண்டிய வண்டியில் எட்டுப்பேர் இருந்தோம். முன்னாசனத்தில் அம்மா, அவர் மடியில் தங்கை, தங்கையின் மடியில் தையல் இயந்திரத்தின் தலை. அந்தக் காட்சி இன்னும் கண்முன் நிற்கிறது.

மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் இருபத்தேழு ஆண்டுகளின் பின் 2017 ஜூலை 3 ஆம் திகதி விடுவிக்கப்பட்டன. பலர் ஓடிச்சென்று பார்த்தார்கள். எங்கள் காணி திறந்தபோது ஐயாவும் நானும் போனோம். அம்மா வரவில்லை. "வீடில்லாத வளவிலை எனக்கென்ன வேலை?" என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டார். அதன்பின் அவர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். முச்சக்கர வண்டியின் குலுக்கம் அவருக்கு ஆகாது. ஒருநாள், யாரும் கேளாமலே, "ஒருக்கால் மயிலிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போ, தம்பி. எங்கடை காரிலை போவம்" என்றார்.

எங்கள் காரில் அவர் அமர்ந்துவந்த இடப்பக்க முன்னாசனமோ குழிவிழுந்து கிடந்தது.

மேலே பட்டு, கீழே பள்ளம்

குழியை மூட எளிய வழி ஒன்றை முதலில் நாடினேன். அதுவே என் முதற்பிழை. ஆசனத்தைக் கழற்றி, மெத்தை தைக்கும் கடையொன்றில் கொடுத்தேன். நான்காம் நாள் அது புதுமாப்பிள்ளைபோல் திரும்பி வந்தது. கபிலநிற றெக்சின், வெள்ளைக் கரைத்தையல், விரலால் அமர்த்தினால் மெல்ல மேலெழும் புதிய பஞ்சு. கண்டவரெல்லாம் மெச்சினர்.

மெச்சுதல் மூன்று வாரம் நிலைத்தது. நான்காம் வாரம் முன்விளிம்பில் தையல் பிரிந்தது. அம்மாவை ஒருமுறை வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது, வீதியின் பள்ளத்தில் சில்லு இறங்கியதும், "ஐயோ, பலகையிலை இடிச்சமாதிரிக் கிடக்கு" என்றார். உண்மையிலேயே பலகைதான்! அறுந்துபோன அடிவார்களின்மேல் ஒட்டுப்பலகைத் துண்டொன்றை வைத்து, அதன்மேற் பஞ்சைப் பரப்பி, றெக்சினால் மூடியிருந்தனர். கடைக்காரரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. மேலுறையை மாற்றித் தரும்படி கேட்டவன் நான். அடியைப் பார்க்கும்படி நான் சொல்லவுமில்லை, நானே பார்க்கவுமில்லை.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் பழமொழி. ஆசனத்தின் கணக்கு வேறு. இருப்பவரின் பாரத்தை உறை தாங்குவதில்லை. பஞ்சும் முழுவதும் தாங்குவதில்லை. பஞ்சு உடம்பின் வடிவுக்கு இசைந்து கொடுக்கும்; பாரத்தைப் பரப்பும். பாரம் சென்று சேருமிடம் அடியிலுள்ள வார். அது தளர்ந்தால் எத்தனை விலையுயர்ந்த பஞ்சும் குழிக்குள் இறங்கும். குழிக்குள் இறங்கிய பஞ்சு உறையைத் தன்னோடு இழுக்கும். தையல் பிரிவது அதனாலேதான்.

கவிழ்த்தபோது

ஒரு சனிக்கிழமை காலை ஆசனத்தை மீண்டும் கழற்றி விறாந்தையிற் கவிழ்த்து வைத்தேன். பலகைத் துண்டை நீக்கியதும் இரும்புச் சட்டத்தின் குறுக்கே ஏழு வார்கள் தெரிந்தன. ஏழும் ஒரே சாதியாக இல்லை. மூன்று பழைய இறப்பர் வார்கள். ஒன்று நீலநிற நைலோன் கயிறு. இரண்டு சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறி முறுக்கியவை. ஒன்று பனைநாரை மூன்று புரியாகப் பின்னியது.

சாய்மனைக் கதிரையில் இருந்த ஐயா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். எண்பது வயதைத் தொட்டுவிட்ட அவருக்கு நேற்றைய செய்தி மறக்கும். முந்தாநாள் போட்ட முடிச்சு மறக்காது.

"நீலக்கயிறு அப்பு கட்டினது. மயிலிட்டித் துறையிலை வலை பொத்திறவையிட்டை வாங்கினவர். ரியூப் நான் கட்டினது, சாமான் வராத காலத்திலை. நார், நாங்கள் தென்மராட்சியிலை இருந்த வீட்டுக்காரப் பெரியவர் பின்னித் தந்தது. இடம்பெயர்ந்து வந்தனாங்கள் எண்டு காசும் வாங்கேல்லை."

விரலை ஒவ்வொரு வாராக வைத்து அவர் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அது வரலாற்றுப் பாடம்போல் இருந்தது. நைலோன் கயிறு, மயிலிட்டி வடபகுதியின் பேர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய காலம். ரியூப், 1990-களின் பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் கிடையாமையால் யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயங்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகையும் அந்த மணமும் அக்காலத்துத் தெருவில் நடந்தவர்க்கு மறவா. பனைநார், 1995 அக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த காலம்.

கட்டிலிலிருந்து காருக்கு

அடிவார் பின்னும் தொழில் மோட்டார்க் காருடன் பிறந்ததன்று. புறநானூற்றின் 82 ஆம் பாடலைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனொருவனோடு பொருத வேகத்துக்கு அவர் காட்டும் உவமை கட்டில் பின்னுபவனின் ஊசி. ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகால நோவு, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. வேலையை முடித்து ஓடவேண்டிய அத்தொழிலாளியின் கையில் ஊசி எவ்வளவு விரையுமோ, அதனினும் விரைந்தது போர் என்கிறார் புலவர். போழ் என்ற சொல் பிளந்தெடுத்த வாரைக் குறிக்கும். ஆகவே வாரால் கட்டில் பின்னும் கலை நம்மிடையே சங்ககாலம் முதல் வழங்கிவருவது.

நம் வீடுகளிலிருந்த நார்க்கட்டில் அக்கலையின் வழிவந்தது. பனைமட்டையை உரித்தெடுத்த நாரை நனைத்து, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னுவர். கால்மாட்டில் ஒரு கயிறு தனியாக இருக்கும். கட்டில் தொய்ந்தால் அதனை இழுத்துக் கட்டினால் போதும். தொய்வு வரும் என்பதை முன்னரே அறிந்து, இறுக்குவதற்கும் வழிவைத்த பெரியவர்களின் அறிவை என்னென்பது!

மேனாட்டுக் கதிரைகளில் மரச்சட்டத்தின் அடியில் இரண்டு அங்குல அகலச் சணல் நாடாவைப் பாய்போலப் பின்னி ஆணியடிப்பர். அதன்மேற் சுருள்விற்களை நிறுத்தித் தைத்து, தலைப்புகளை நூலால் ஒன்றோடொன்று கட்டுவர். வீட்டுச் சோபா குழிந்தால், "ஸ்பிறிங் போய்விட்டது" என்று சொல்லுகிறோம். பெரும்பாலும் சுருள்வில்லுக்கு ஒன்றும் நேர்ந்திராது. அது நின்ற நாடா இற்றிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிய முறையொன்று வந்தது. இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் இறப்பர் நாடாவைச் செய்தது. சாய்வாக வெட்டிய இரண்டு நூலடுக்குகளை இறப்பரின் நடுவே வைத்து ஒட்டிய பட்டை அது. வெறும் இறப்பரைப்போல் அளவின்றி நீளாது. சணலைப்போல் நீளாமலும் இராது. மார்க்கோ சனூசோ என்ற கட்டடக் கலைஞர் இத்தகைய நாடாவையும் இறப்பர்ப் பஞ்சையும் கொண்டு அமைத்த 'லேடி' என்னும் சாய்கதிரை 1951 ஆம் ஆண்டு மிலான் திரியெனாலே கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. சுருள்வில் இல்லாமலே மெத்தென்ற ஆசனம் அமைக்கலாம் என்பதை உலகம் கண்டுகொண்டது. மோட்டார்க் கார் செய்வோரும் அதனைக் கைக்கொண்டனர். மொறிஸ் மைனர் வெளிவந்த அதே 1948 ஆம் ஆண்டில் பாரிசில் வெளியிடப்பட்ட சித்ரோன் 2 சீ.வீ. காரிலோ ஆசனத் துணியை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் இறப்பர் வளையங்களாலேயே தொங்கவிட்டிருந்தனர்.

இந்த இறப்பர் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. 1876 ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன வித்துகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுள் 1,900 அளவான நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. 1952 இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கையின்படி நாம் இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கினோம். எங்கள் ஆசனத்திலிருந்த வார் எந்த நாட்டு மரத்தின் பாலோ யானறியேன். ஆயினும் அம்மா அதன்மீது அமர்ந்த நாளெல்லாம், சோறு தந்த மரத்தின் இனத்தின்மீதுதான் அமர்ந்திருந்தார்.

வார் ஏன் அறுகிறது?

மூன்று பழைய வார்களையும் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். மாணவர் வளைத்தனர், பிஸ்கோத்துபோல் முறிந்தது. "இறப்பர் முறியுமா, சேர்?" என்று கேட்டனர்.

மரத்திலிருந்து வரும் இறப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூல்கள்போலச் சிக்கிக் கிடப்பவை. 1839 இல் சாள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறையைக் கண்டார். கந்தகம் நூலுக்கும் நூலுக்கும் இடையே முடிச்சுப் போடுகிறது. அதனால் இழுத்து விட்டால் பழைய நிலைக்கு மீளும் வலிமை வருகிறது. ஆனால் காற்றிலுள்ள ஒட்சிசன் அந்த நூல்களை மெல்ல வெட்டிக்கொண்டே இருக்கும். ஓசோன், இழுபட்ட நிலையிலுள்ள இறப்பரை இன்னும் விரைவாக வெடிக்கச் செய்யும். வெடிப்பு இழுவைக்குக் குறுக்கே ஓடும். வெயிலில் நிறுத்திய காரின் உட்சூடு அதனைத் துரிதப்படுத்தும். மண்ணெண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிப் பருத்துத் தன் பலத்தை இழக்கும். ஆசனத்தின் கீழே மண்ணெண்ணெய்க் கானை ஒளித்துக்கொண்டு திரிந்த காலத்தில் எங்கள் வார்கள் பட்டது எவ்வளவோ! சட்டத்துக்கும் கொளுக்கிக்கும் கடற்காற்றின் உப்பே எமன். கறள் தின்ற கொளுக்கி ஒருநாள் வாரைக் கைவிடும்.

இன்னொரு கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை ஐந்து வார்கள் சமமாகத் தாங்குகின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கிலோ. வாரின் நடுவே பாரம் அமைய, இருபுறமும் கிடையிலிருந்து 30 பாகை சாய்ந்தால் வாரின் இழுவையும் பன்னிரண்டு கிலோவே. சாய்வு 10 பாகையாகக் குறைந்தால் இழுவை ஏறத்தாழ 35 கிலோவாகிவிடும்! கொடியைத் தெறிக்க இழுத்துக் கட்டி, நனைந்த சேலையைப் போட்டதும் அறுவதைக் கண்டிருப்பீர்கள். காரணம் இதுவே. நீளாத நாடாவை விறைப்பாகக் கட்டினால் அது சட்டத்தின் இரு கரைகளையும் உள்ளே இழுத்து வளைக்கும். நீளும் வார் சற்று இறங்கிக் கொடுத்து, தன்மீது வரும் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும்.

செய்த விதம்

புதிய இறப்பர் நாடாவை இங்கிலாந்திலிருந்து வந்த மைத்துனர் ஒரு சுருளாகக் கொண்டுவந்தார். இந்தக் காரின்மீது அங்குள்ளவர்களுக்கு இன்னும் பற்று நீங்கவில்லை. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், பழைய காரை எறியாமல் திருத்தித் திருத்தி வைத்திருப்பதே சிக்கனம் என்று புத்தகமே எழுதினார். 1990-களில் அவருடைய முயற்சியுடன் தொடர்புடைய டியூறபிள் கார் கம்பனி, தென்னிலங்கையில் மைனருக்குரிய தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கே போன தகட்டுக்கு ஈடாக இங்கே வந்தது ஒரு சுருள் நாடா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

எதனையும் அவிழ்க்குமுன் ஆசனத்தின் அடியைப் படம் வரைந்தேன். எத்தனை வார், எந்தத் துளையில் எந்தக் கொளுக்கி, எது மேலே, எது கீழே என்று குறித்தேன். கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எடுங்கள், எனினும் வரையவும் செய்யுங்கள். வரையும் கை, பார்க்கும் கண்ணைவிடக் கவனமானது.

அடுத்து, வார்களைக் கழற்றிச் சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். கறள் நீங்கியபின் பற்றுவைத்த இடங்களில் வெடிப்பு உண்டா என்று பார்த்தேன். ஒரு மூலையில் இருந்தது, பட்டறையில் ஒட்டுவித்தேன். அதன்பின் கறளுக்கெதிரான செந்நிறப் பூச்சு, அது காய்ந்தபின் கறுப்பு. இந்த வேலையை விட்டுப் புதுவாரை மாட்டுவது, இற்ற மரத்தில் புதுக்கதவு மாட்டுவதுபோலாகும்.

வாரின் அளவே தலையாயது. இறப்பர் நாடாவை இடைவெளியிற் பத்தில் ஒரு பங்கு அளவு குறைத்து வெட்டி, இழுத்து மாட்டவேண்டும். எங்கள் சட்டத்தின் இடைவெளி 18 அங்குலம். வாரை 16¼ அங்குலம் வரும்படி அமைத்தேன். தலைப்புகளில் இரும்புக் கொளுக்கியைக் கோத்து வைசில் வைத்து நெரித்தேன். கொளுக்கியின் வாய் நேராக அமையாவிட்டால் வாரின் ஒரு கரை மட்டும் பாரத்தைச் சுமந்து கிழியும். முதலில் நடுவார், பின் அதன் இருமருங்கும் மாறி மாறி. ஒரு பக்கத்திலிருந்து தொடங்கினால் சட்டம் கோணும். இருப்பவரின் பாரம் பின்பாதியிலேயே மிகுதியாக விழுவதால் அங்கே வார்களை நெருக்கமாக வைத்தேன்.

வாருக்கும் பஞ்சுக்கும் இடையில் கனமான சாக்குத் துணியை விரித்துத் தைத்தேன். இத்துணி இல்லாவிட்டால் வார்களின் இடைவெளிக்குள் பஞ்சு பிதுங்கித் துண்டுதுண்டாகும். மேலே புதிய பஞ்சையும் அந்தக் கபிலநிற உறையையும் மீண்டும் போர்த்தேன். உறை நல்ல உறைதான். அதற்குத் துணை இல்லாமையே குறை.

வேலையின் நடுவே எனக்கு ஒரு தயக்கம் எழுந்தது. நீலக்கயிறும் ரியூப்பும் பனைநாரும் எங்கள் குடும்பத்தின் ஏடுகள் அல்லவா? அவற்றை அவ்விடத்திலேயே விட்டு, இடையிடையே புதுவாரைச் சேர்த்தால் என்ன என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"தம்பி, அதெல்லாம் ஆக்கள் இருக்கவேணும் எண்டு கட்டினது. பார்க்கவேணும் எண்டு கட்டேல்லை. உன்ரை அம்மா இருக்கவேணுமெண்டால் கழற்று."

கழற்றினேன். அறிவியல் நோக்கிலும் அவர் கூற்றே சரி. இழுவை வேறுபட்ட வார்கள் ஒரே சட்டத்தில் இருந்தால், விறைப்பானதே முழுப்பாரத்தையும் சுமக்கும், அறும், பின் அடுத்தது. நைலோன் கயிற்றைச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்தேன். பனைநார்ப் பின்னலை ஐயா எடுத்துக்கொண்டார். மறுநாள் அது கோழிக்கூட்டின் கதவைக் கட்டியிருந்தது.

மயிலிட்டிக்கு

சென்ற மாதத்து வெள்ளியொன்றில் அதிகாலையிற் புறப்பட்டோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் அம்மா, பின்னே ஐயா. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை கடந்தோம். வீதியில் பள்ளம் வருமிடமெல்லாம் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆசனம் அவரோடு சற்று இறங்கி, சற்று ஏறி, ஓசையின்றி வந்தது. தெல்லிப்பழைக்கு அப்பால் திரும்பிப் பார்த்தேன், அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பு நோவு தொடங்கியபின் வண்டியில் அவர் உறங்கி நான் கண்டதில்லை.

மயிலிட்டியில் கடலின் மணம் வந்ததும் தாமாகவே விழித்தார். எங்கள் வளவில் வீடு இல்லை. அத்திவாரத்தின் ஒரு மூலையும் கிணற்றுக்கட்டும் இருக்கின்றன. காரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் இறங்கவில்லை. கால் இரண்டையும் வெளியே நீட்டி, ஆசனத்திலேயே திரும்பி இருந்துகொண்டு, அடுப்படி எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே, தையல் இயந்திரம் நின்ற யன்னல் எங்கே என்று கையால் காட்டினார். ஏறத்தாழ அரைமணி நேரம் அப்படியே இருந்தார். என் பிள்ளைகளுக்கு ஒருநாள் காட்டவேண்டியவற்றை நான் மனத்திற் குறித்துக்கொண்டேன்.

பின்பு, "காணும், தம்பி. தைக்கு முந்தி ஒருக்கால் வந்து கிணத்தை இறைப்பிக்கவேணும்" என்றார். வீடில்லாத வளவில் வேலை என்ன என்று கேட்டவர் அவர்!

வாசகர்களே, இன்று மாலை ஓய்வு கிடைத்தால் உங்கள் வீட்டிலுள்ள பழைய ஆசனமொன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். நாடா வெளிறியிருந்தாலோ, தலைப்பில் நூல் பிரிந்திருந்தாலோ, கையால் அமர்த்தும்போது ஒன்றுக்கொன்று இறுக்கம் வேறுபட்டாலோ, உறைக்குப் பணம் கொடுக்குமுன் அதனைக் கவனியுங்கள். அதிலே முன்னவர் யாரேனும் போட்ட முடிச்சு இருந்தால், அவிழ்க்குமுன் யார் போட்டது என்று வீட்டிலுள்ள பெரியவரிடம் கேளுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எங்கள் வேலை முடிந்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன். திரும்பும் வழியில் ஐயா பின்னிருந்தபடியே குனிந்து, முன்னாசனத்தின் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "பின்னாலையிருந்து மூண்டாவது வாரை இன்னும் அரை அங்குலம் இழுக்கலாம்" என்றார். வருகிற சனிக்கிழமை இழுக்கவிருக்கிறேன்.